பட்டியலில் வராத கதவு

அலுவலகத்தில் எனக்குக் கதவம்மா என்று பெயர். கிண்டலாக வைத்ததுதான் என்றாலும் அதில் கொஞ்சம் மரியாதையும் இருந்தது, அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

எங்களுடையது கண்ணாடிச் சுவர் போடும் நிறுவனம். எந்தக் கட்டடத்தையும் முதலில் கணினிக்குள் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் நிஜத்தில் கட்டுவார்கள். அந்தக் கணினிக் கட்டடத்தில் கண்ணாடிச் சுவர்களை நிறுத்துவது என் வேலை. செங்கல் சுவரில் கதவு வைப்பதற்குப் பெரிய அறிவு வேண்டாம். கதவைக் கொண்டுபோய்ச் சுவரில் வைத்தால் சுவர் தானே விலகி வழிவிடும். கண்ணாடிச் சுவர் அப்படி விட்டுக்கொடுக்காது. அது கட்டம் கட்டமாகப் பிரிந்தது. கட்டத்துக்கு ஒரு கண்ணாடிப் பலகை. சொடுக்கினால் முழுச் சுவரும் கையோடு வரும். விசைப்பலகையில் டேப் பொத்தானை நாலு தடவை தட்டினால்தான் நமக்கு வேண்டிய ஒற்றைப் பலகை சிக்கும். அது பூட்டியிருப்பதற்கு அடையாளமாக அதன்மேல் ஒரு குண்டூசிப் படம் குத்தியிருக்கும். அதை எடுத்துவிட்டு, பலகையைக் கழற்றி, அதே இடத்தில் கதவை மாட்ட வேண்டும்.

நிறுவனத்திடம் இருந்த கதவுகள் எல்லாம் பார்க்கச் சகிக்காது. இரண்டு வருடங்களுக்கு முன்னால், தலைபோகிற ஒரு அவசரத்தில், நானே ஒன்று செய்தேன். ஒரு கண்ணாடிப் பலகையை நகலெடுத்தேன். அதில் சட்டம் வைத்தேன், கைப்பிடி வைத்தேன், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தரைப்படத்தில் காட்டும் கால்வட்டக் கோடும் போட்டேன். 'நல்ல கதவு' என்று பெயரிட்டு எல்லோரும் எடுக்கும் பொதுச் சேமிப்பில் போட்டேன். பெரும்பாலும் பின்பக்க அவசர வழிக்கு அதைத்தான் எடுப்பார்கள். கதவம்மா என்ற பெயர் அப்படித்தான் வந்தது. கூடவே கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

அன்று காலை பத்தே காலுக்கு ஒரு சின்ன நூலகக் கட்டடத்தின் கதவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தரைப்படத்தில் ஒன்பது கதவுகள். மென்பொருள் தானாகத் தயாரித்த கதவுப் பட்டியலில் எட்டு. என் கண்ணில்தான் கோளாறு என்று மறுபடி எண்ணினேன். விரல் விட்டு எண்ணினேன். பட்டியலில் விடுபட்டது என்னுடைய நல்ல கதவு.

அதன்மேல் சொடுக்கி, அது என்ன வகை என்று பார்த்தேன். கண்ணாடிப் பலகை என்று இருந்தது.

பலகையை நகலெடுத்துச் செய்ததால் மென்பொருளுக்கு அது இன்னமும் பலகைதான். நான் வரைந்த கைப்பிடியும் கால்வட்டமும் வெறும் வேஷம். பலகைப் பட்டியலைத் திறந்தேன். மற்ற கண்ணாடிகளோடு கண்ணாடியாக, இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம் என்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

கதவுப் பட்டியல் கதவு செய்கிறவரிடம் போகும். கீல், கைப்பிடி, தள்ளினால் திறக்கும் கம்பி எல்லாம் அவர் பொறுப்பு. பலகைப் பட்டியல் கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போகும். அங்கிருந்து ஒரு முழுக் கண்ணாடி வரும். நான்கு பக்கமும் பசை வைத்து அதை ஒட்டிவிடுவார்கள். தரைப்படத்தில் கதவு இருக்கிறதே என்று மின்சாரக்காரர் அதன் தலைக்கு மேல் 'வெளியேறும் வழி' என்ற பச்சை விளக்கை மாட்டுவார். சான்றிதழ் கொடுக்க வருகிறவர் விளக்கு எரிகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். ஒருவரும் தப்புச் செய்திருக்க மாட்டார்கள். அவரவர் பட்டியலை அவரவர் ஒழுங்காக முடித்திருப்பார்கள்.

நூலகம் இன்னும் கணினியில்தான் இருந்தது. ஆனால் நல்ல கதவை வைத்துக் கட்டி முடித்த ஒரு கட்டடம் உடனே நினைவுக்கு வந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்கான நடைப் பயிற்சி மையம், மூன்றாவது மாடி. போன மாதம்தான் திறந்தார்கள். என் அப்பா செவ்வாய், வியாழன் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அங்கேதான் இருப்பார். "நான் வரைஞ்ச கட்டடம்ப்பா, தைரியமா போங்க" என்று சேர்த்துவிட்டதும் நான்தான்.

கண்ணாடி மாட்டும் குழுவின் தலைவரை அழைத்தேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பு எண்ணுக்குப் போனது.

"அண்ணே, நடைப் பயிற்சி மையம், மூணாவது மாடி, பின்பக்கம். பச்சை லைட்டுக்குக் கீழ என்ன மாட்டினீங்க?"

"கண்ணாடி மேடம்."

"கதவா, கண்ணாடியா?"

"என்ன மேடம் விளையாடறீங்க? கண்ணாடிதான் வந்துச்சு. கைப்பிடிக்கு ஓட்டைகூட இல்ல. சரி, கதவு வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன். சூப்பரா ஒட்டியிருக்கேன், யானை வந்து முட்டினாலும் அசையாது."

பாராட்டுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நான் போனை வைத்தேன்.

அந்தக் கூடம் என் கண்முன்னால் வந்தது. முன்பக்கம் ஒரே வாசல். வாசலை ஒட்டி, மரத்துப்போன விரல்களை முக்கி எடுப்பதற்காக மெழுகு உருக்கும் மின்சாரத் தொட்டி. அது காலை முதல் மாலை வரை சூடாகிக்கொண்டே இருக்கும். அது பற்றிக்கொண்டால் வாசல் பக்கம் யாரும் போக முடியாது. எல்லோரும் பின்பக்கம் திரும்புவார்கள், பச்சை விளக்கைப் பார்த்து நம்பிக்கையோடு. ஒருவர்கூட ஓட முடிந்தவர் இல்லை.

அப்பாவின் போன் அடித்து ஓய்ந்தது. பயிற்சி நேரத்தில் எல்லோருடைய போனையும் ஒரு கூடையில் போட்டு வைத்துவிடுவார்கள். மையத்தின் எண்ணும் அடித்து ஓய்ந்தது. வரவேற்பில் இருக்கும் பெண் அந்த நேரத்தில் யாரையாவது கைப்பிடித்து நடத்திக்கொண்டிருப்பாள்.

முதலாளியின் அறைக்கு ஓடினேன். எதைக் கேட்டாலும் 'ஆகட்டும்' என்பார். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் அவர் பெயரே ஆகட்டும் சார்தான். எங்கள் வாசலில் இருக்கும் மின்சாரப் பெட்டி ஒரு வாரமாகச் 'சிர்ர்' என்று பொரிகிறது. சொன்னதற்கும் ஆகட்டும் என்றார். அறையில் வழக்கம்போல அவருக்குப் பின்னால் திரை இறக்கியிருந்தது. சாயங்கால வெயில் கணினியில் அடிக்கிறது என்று இறக்கியவர், காலையிலும் ஏற்றுவதில்லை. திரைக்கு மேலே அவர் வளர்க்கும் கொடி அடர்ந்து படர்ந்திருந்தது.

நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவர் பேனாவை மூடினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும் சார். மாட்டினவருக்கு அது தப்புன்னே தெரியாது."

"ஆகட்டும். ஞாயித்துக்கிழமை மையம் லீவு. ஆள் அனுப்பி கண்ணாடியை எடுத்துட்டு கதவை மாட்டிடுவோம். அதுவரைக்கும் வாயைத் திறக்காத."

"அஞ்சு நாள் சார்!"

"ஒரு மாசமா ஒண்ணும் ஆகல, அஞ்சு நாள்ல ஆயிடுமா? வெளிய தெரிஞ்சா நாளைலேருந்து நமக்கு யாரும்மா வேலை குடுப்பாங்க? அந்தக் கதவுல உன் பேருதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

"எங்கப்பா இப்ப அங்கதான் சார் இருக்கார்."

"அப்படியா?" குரல் இறங்கியது. கெட்ட மனிதர் இல்லை அவர். "அப்ப அப்பாவை அழைச்சுட்டு வந்துடு. ஞாயிறு வரைக்கும் அனுப்பாத. அவ்வளவுதானே?"

அவ்வளவுதானே என்று எனக்கும் தோன்றியது. அப்பாவை மட்டும் வெளியே கொண்டுவந்துவிட்டால் போதும். வேலையும் போகாது, பெயரும் கெடாது. அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது.

வாடகை வண்டி பத்து நிமிடத்தில் போய்விடும் தூரம்தான். அன்று எல்லாச் சிக்னலும் சொல்லி வைத்தாற்போல் சிவப்பு. எங்கோ ஒரு சைரன் கேட்டது. தீயணைப்பு வண்டியோ என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். ஆம்புலன்ஸ் ஒன்று எங்களைத் தாண்டி வேறு தெருவுக்குள் திரும்பியது. அதற்குள் இருப்பவர் யாரோ என்னவோ, நான் பாட்டுக்கு நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். பயம் மனிதரை எவ்வளவு அற்பமாக்குகிறது என்று அப்போது யோசிக்க நேரமில்லை.

லிஃப்ட் கதவு திறந்ததும் கருகல் வாசனை அடித்தது. கால் அப்படியே நின்றுவிட்டது. பிறகுதான் அது மெழுகின் வழக்கமான வாசனை என்று உறைத்தது.

அப்பா இரண்டு கம்பிகளுக்கு நடுவில் இடது காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர்.

"என்ன பாப்பா, செக்கிங்கா?" என்றார். வாதம் வந்ததிலிருந்து பேச்சு கொஞ்சம் குழறும், நக்கல் குழறாது.

"வாங்கப்பா, போலாம்."

"இன்னும் ரெண்டு ட்ரிப் பாக்கி இருக்கே."

"அதெல்லாம் அப்புறம். வாங்க."

என் முகத்தைப் பார்த்தார். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் வரை வர அவருக்கு நான்கு நிமிடம் ஆனது. இருபது அடி தூரத்துக்கு நான்கு நிமிடம். கூடத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்து ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "அதுக்குள்ள கிளம்பிட்டாரா? இவர் இல்லாட்டி எங்களுக்குப் பொழுதே போகாதே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

லிஃப்டுக்குள் ஏறித் திரும்பினேன். கூடத்தின் மறுகோடியில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே, துடைத்து வைத்த கண்ணாடி. அதன் வழியே, வெளியே உள்ள இரும்புப் படிக்கட்டு கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. இந்தப் பக்கம் பதினைந்து பேர் இருந்தார்கள். பந்து அம்மா அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் மூட ஆரம்பித்தது. நான் காலை நடுவில் வைத்தேன்.

"அப்பா, இங்கயே இருங்க. வந்துடறேன்."

"லிஃப்ட்டுக்குள்ளயா?"

"லிஃப்ட்டுக்கு வெளிய, அந்த பெஞ்சுல."

உள்ளே நடந்தேன். நேராகப் போய் அந்தக் கண்ணாடியை இரண்டு கையாலும் தள்ளினேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். மாட்டியவர் பொய் சொல்லவில்லை; இம்மிகூட அசையவில்லை. எல்லோரும் பயிற்சியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

மையத்தின் டாக்டரம்மா வேகமாக வந்தார். "என்னங்க பண்றீங்க?"

"இது கதவு இல்லைங்க."

"கதவுதாங்க, ஆட்டோமேட்டிக். ஆபத்துன்னா தானா திறந்துக்கும்னு நெனச்சோம். அதான் கைப்பிடி இல்ல."

"திறக்காதுங்க. கதவு மாதிரி தெரியற கண்ணாடி. தீப்பிடிச்சா இந்தப் பக்கமா யாரும் வெளிய போக முடியாது."

அவர் விளக்கைப் பார்த்தார், மெழுகுத் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யார் இதை வரைஞ்சது?"

நிறுவனத்தின் பெயரை மட்டும் சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"நான்தாங்க" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. விடுவிடுவென்று போய்த் தொட்டியின் சுவிட்சை அணைத்தார். "எல்லாரும் கிளம்பலாம். மெதுவா, ஒவ்வொருத்தரா" என்றார். லிஃப்டில் ஒரு தடவைக்கு இரண்டு பேர்தான் போக முடியும். நான் பக்கத்தில் நின்று கைகொடுத்தேன். கடைசி ஆள் தெருவுக்கு வந்து சேர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. நெருப்பு இல்லாமல், புகை இல்லாமல், லிஃப்ட் ஓடும்போது இருபத்திரண்டு நிமிடம். கீழே வந்து அப்பாவின் பக்கத்தில் நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, ஏன் பாப்பா அழற?" என்று வலது கையால் என் தலையைத் தடவினார் அப்பா. ஆகாததை நினைத்துத்தான் அழுதேன்.

அம்மா வேலையிலிருந்து வர மாலை ஐந்தாகும். அப்பாவை வீட்டில் தனியாக விட முடியாது. எனக்கோ அலுவலகத்தில் ஒரு வேலை மிச்சம் இருந்தது. அவரையும் கூட்டிக்கொண்டு இரண்டாவது மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வாசலில் மின்சாரப் பெட்டி 'சிர்ர்' என்று வரவேற்றது. உள்ளே மெத்தை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று. அது கடைசியில், முதலாளி அறையை ஒட்டி இருக்கிறது. அங்கேயே அவரை உட்கார வைத்தேன்.

"இங்க ஒண்ணும் பயம் இல்லையே?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

"இது எங்க ஆபீஸ்ப்பா" என்றேன்.

அவர் ஷூவைத் தளர்த்திவிட்டு என் இருக்கைக்கு வந்தேன். நல்ல கதவு எந்தெந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று எல்லாக் கோப்புகளிலும் கணினியைத் தேடச் சொன்னேன். தேடல் முடியும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது பெயர்கள் வந்தன, புதியது மேலே, பழையது கீழே. நூலகம். நடைப் பயிற்சி மையம். ஒரு மாணவியர் விடுதி. ஒரு துணிக்கடை. ஒரு பல் மருத்துவமனை. அலுவலகங்கள் மூன்று. கடைசி வரிக்கு வந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தத் தலைபோகிற அவசரம் என்ன அவசரம் என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் பழைய அலுவலகத்தைக் காலி செய்ய ஒரு வாரமே இருந்தது. நான் நல்ல கதவை முதன்முதலில் செய்தது, நாங்கள் உட்கார்ந்திருக்கும் இதே மாடிக்காக.

"கதவம்மா!" முதலாளி அறையிலிருந்து சத்தம். டாக்டரம்மா அவரை அழைத்துப் பேசியிருக்க வேண்டும். "யாரைக் கேட்டு அங்க போய் சொன்ன? நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணியிருக்க? அஞ்சு நாள் பொறுக்க முடியலையா உனக்கு? நாளைலேருந்து நீ வேலைக்கு…"

நான் அறைக்குள் புகுந்து அவருடைய மேசையைச் சுற்றிக்கொண்டு போனேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தேன். திரை தூசியோடு மேலே ஏறியது. வெளிச்சம் அறைக்குள் கொட்டியது. கொடியின் இலைகளுக்குள் ஒரு பச்சை விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரே கண்ணாடி. கைப்பிடி இல்லை, கீல் இல்லை. வெளியே இரும்புப் படிக்கட்டின் முதல் படியில் புறா ஒன்று கூடு கட்டியிருந்தது.

"தள்ளுங்க சார்."

"என்ன உளறுற?"

"நீங்களே தள்ளிப் பாருங்க."

எழுந்தார். ஒரு கையால் தள்ளினார். பிறகு இரண்டு கையால் தள்ளினார். மோதிரம் கண்ணாடியில் 'டங்'கென்று இடித்தது. புறா பறந்துபோனது. அவர் திரும்பி, அலுவலகத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வாசல் வரை பார்த்தார். நடுவில் பதினோரு பேர், மேசைகள், காகித அடுக்குகள். வாசலில் அந்தப் பெட்டி. அவர் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது.

"எத்தனை கட்டடம்?" என்றார், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

"ஒம்பது சார். நூலகம் இன்னும் கட்டல. மிச்சம் எட்டுலயும் ஆள் இருக்காங்க, இதையும் சேர்த்து."

ஞாயிற்றுக்கிழமை என்று அவர் சொல்லவில்லை. ஆகட்டும் என்றும் சொல்லவில்லை. அறைக்கு வெளியே வந்து, "எல்லாரும் எழுந்து கீழ போங்க. இப்பவே" என்றார். ஏன் எதற்கு என்று கேட்டபடியே நாற்காலிகள் நகர்ந்தன. வாசலில் பெட்டி மறுபடி 'சிர்ர்' என்றது. இந்தத் தடவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் குந்தி, தளர்த்திவிட்ட ஷூவை மறுபடி இறுக்க ஆரம்பித்தேன். அவசரத்தில் முடிச்சு விழவே இல்லை. வாசல் இங்கிருந்து நாற்பது அடி.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். நல்ல கையை நீட்டி நடைச்சட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இங்கயுமா பாப்பா?" என்றார்.